ஃபியூஷாவும் ரீங்காரச்சிட்டும்: ஒரு தொங்கும் தொட்டியின் முந்நூறாண்டுக் கதை

வசந்தம் பிறந்ததும் அமெரிக்க நாற்றுப்பண்ணைகளில் தொங்கும் தொட்டிகள் வரிசைகட்டிவிடும். ‘ஹம்மிங் பறவைகள் தேடி வரும்’ என்று எழுதிய சிறு அட்டை பல தொட்டிகளில் செருகியிருக்கும். அதை நம்பி வாங்கிப்போய் மாட்டுகிறார்கள். சில வீடுகளுக்குப் பறவை வருகிறது. சில வீடுகளில் பூ பூத்துக் குலுங்கியும் ஒன்றுகூட எட்டிப் பார்ப்பதில்லை. இதற்கான விடை அந்தச் செடிகளின் பூர்வீகத்தில் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள ஃபியூஷா என்ற ஒரு செடியைப் பின்தொடர்ந்தாலே போதும்.

ஹம்மிங் பறவை எனப்படும் ரீங்காரச்சிட்டு அமெரிக்கக் கண்டங்களுக்கே உரியது. சுமார் 360 இனங்கள் உண்டு. வேறு எந்தக் கண்டத்திலும் ஒன்றுகூடக் கிடையாது. நம்மூர்த் தேன்சிட்டு வேறு குடும்பம். அது பெரும்பாலும் காம்பில் உட்கார்ந்து தேன் குடிக்கும். ரீங்காரச்சிட்டோ வினாடிக்குப் பல பத்து முறை சிறகடித்து அந்தரத்தில் நின்றபடியே குடிக்கும்.

1690களில் சார்லஸ் ப்ளூமியே என்ற பிரெஞ்சுத் துறவி கரீபியக் கடலின் இஸ்பானியோலாத் தீவில் செடிகளைத் தேடி அலைந்தார். இன்று ஹெய்ட்டியும் டொமினிக்கன் குடியரசும் பங்கிட்டுக்கொண்டிருக்கும் தீவு அது. அங்கே செம்பவளக் குழல்களாகப் பூ தொங்கும் ஒரு குறுஞ்செடியைக் கண்டார். 1703இல் வெளியிட்ட தம் நூலில் அதற்கு ஃபியூஷா என்று பெயர் சூட்டினார். அதற்கு நூற்றாண்டுக்கும் முன்பே மறைந்துவிட்ட ஜெர்மானியத் தாவரவியலாளர் லியோன்ஹார்ட் ஃபுக்ஸின் நினைவாக வைத்த பெயர் அது.

அந்தப் பூவைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். ஜிமிக்கி போலத் தலைகீழாகத் தொங்குகிறது. வந்து உட்கார மேடை எதுவும் இல்லை. குழல் நீளமானது, தேன் அதன் அடியாழத்தில் இருக்கிறது. மணம் இல்லை. நிறம் சிவப்பு, தேனீயின் கண்ணுக்குச் சிவப்பு எளிதில் புலப்படாது, பறவைக்கு நன்றாகத் தெரியும். சிட்டு கீழிருந்து அலகை நுழைக்கும்போது மகரந்தத்தாள்கள் அதன் தலையில் உரசுகின்றன. அடுத்த பூவுக்கு மகரந்தம் போய்ச்சேர்ந்துவிடுகிறது. இந்த வடிவம் முழுக்க முழுக்க ஒரு பறவைக்காக அமைந்தது.

ப்ளூமியே வர்ணித்த அந்த இனம், டிரைஃபில்லா, ஐரோப்பியத் தோட்டங்களுக்கு உடனே வந்துவிடவில்லை. முதலில் வந்தவை அதன் உறவினங்கள். சிலியிலும் அர்ஜென்டினாவிலும் கண்டத்தின் தென்முனைவரை வளரும் மெகல்லானிக்கா பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிவாக்கில் இங்கிலாந்தை அடைந்தது. பிறகு மெக்சிகோவின் ஃபுல்ஜென்ஸும் வந்து சேர, 1840களில் ஆங்கிலேயத் தோட்டக்காரர்கள் கலப்பினம் உருவாக்கும் வேலையில் மும்முரமாக இறங்கினார்கள். பிரிட்டனில் ரீங்காரச்சிட்டே இல்லை. எனவே அவர்கள் தேர்ந்தெடுத்தது முழுவதும் மனிதக் கண்ணுக்காக. வெள்ளைப் புல்லிவட்டம், ஊதா இதழ், அடுக்கு அடுக்கான பாவாடை இதழ்கள் என்று பூ பெருத்துக்கொண்டே போனது.

டிரைஃபில்லாவின் முறை தாமதமாகத்தான் வந்தது. நியூயார்க்கைச் சேர்ந்த தாமஸ் ஹாக் 1873இல் அதை மீண்டும் கண்டெடுத்தார். 1882இல் அது லண்டன் கியூ தோட்டத்தில் பூத்தது. அதை வைத்து ஜெர்மனியில் கார்ல் பான்ஸ்டெட் கலப்பினங்கள் செய்தார். அவற்றில் 1905இல் வந்த ‘கார்ட்டன்மைஸ்டர் பான்ஸ்டெட்’ செங்கல் சிவப்புக் குழல்களைக் கொத்தாகத் தொங்கவிடும். இலைகளில் செம்புச் சாயல். ப்ளூமியே பார்த்த பூவின் வடிவத்தை ஏறக்குறைய அப்படியே வைத்திருக்கும் வகை இது. அமெரிக்காவில் ரீங்காரச்சிட்டுக்காகவே தொட்டி வைப்பவர்கள் இன்றும் இதைத் தேடி வாங்குகிறார்கள்.

1929இல் சான் பிரான்சிஸ்கோவில் அமெரிக்க ஃபியூஷா சங்கம் பிறந்தது. பனிமூட்டமும் குளிர்ந்த கோடையும் உள்ள அந்த வளைகுடாப் பகுதி, ஆண்டிஸ் மலைச்சரிவிலிருந்து வந்த செடிக்கு மிகவும் பொருத்தமான இடம். 1950இல் வந்த ‘ஸ்விங்டைம்’, சிவப்புப் புல்லிவட்டமும் அடுக்கடுக்கான வெள்ளை இதழும் கொண்டு, தொங்கும் தொட்டிக்கென்றே பெயர் வாங்கியது. கண்ணுக்கு அழகுதான். ஆனால் இதழ் அடுக்குகள் மிகும்போது தேனுக்குப் போகும் வழி அடைபடுகிறது. சிட்டு வர வேண்டுமானால் ஒற்றை அடுக்குப் பூவே நல்லது என்று தோட்டக்கலைஞர்கள் சொல்வது இதனால்தான்.

இந்தத் தோட்டங்கள் பறவையின் வாழ்க்கையையும் மாற்றின. தெற்குக் கலிபோர்னியாவிலும் பாஹா கலிபோர்னியாவின் வடபகுதியிலும் கூடுகட்டிக்கொண்டிருந்த அன்னா ரீங்காரச்சிட்டு, இருபதாம் நூற்றாண்டில் வடக்கே கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவரை பரவியது. குளிர்காலத்திலும் பூக்கும் தோட்டச் செடிகளும் வீட்டு வாசலில் தொங்கிய சர்க்கரைநீர்க் குப்பிகளும் அதற்கு வழியமைத்தன.

1981இல் அதே வளைகுடாப் பகுதியில் கேடு வந்தது. பிரேசிலில் முதலில் அடையாளம் காணப்பட்ட, கண்ணுக்குத் தெரியாத ஒரு சிலந்திப்பேன் ஃபியூஷாக்களைத் தாக்கியது. தமிழ்நாட்டுத் தென்னைகளைப் பாழாக்கிய ஈரியோஃபைட் சிலந்தியின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் அதுவும். குருத்துகள் முடிச்சு முடிச்சாக வீங்கி, சிவந்து, பூக்காமலே போயின. அதைச் செடிக்குச் செடி சுமந்து சென்றவற்றில் தேனீக்களும் இருந்தன, ரீங்காரச்சிட்டுகளும் இருந்தன. ‘ஸ்விங்டைம்’ எளிதில் பலியாகும் வகைகளில் ஒன்று. பொலிவியானா, தைமிஃபோலியா போன்ற காட்டினங்கள் தாக்குப்பிடித்தன. பேனைத் தாங்கும் தொட்டி வகைகளைத் தேடுவோர் இப்போது அவற்றை நோக்கித்தான் போகிறார்கள். 2007இல் இந்தப் பேன் இங்கிலாந்தையும் எட்டிவிட்டது. மருந்தடிப்பதைவிட, வீங்கிய குருத்தை நறுக்கி அழிப்பதே பாதுகாப்பு. ரீங்காரச்சிட்டு தேனோடு சிறு பூச்சிகளையும் பிடித்துத் தின்னும், குஞ்சுக்கும் ஊட்டும் என்பதால் பூச்சிமருந்து அதன் வயிற்றுக்கே போகும்.

ஃபியூஷாவுக்குச் சுடுவெயில் ஆகாது. வெயில் கொளுத்தும் ஊர்களில் பலரும் பெட்டூனியாவை மாட்டுகிறார்கள். அதன் பூர்வீகம் வேறு: வெள்ளைப் பூப் பெற்றோர் ஒன்று விட்டில்பூச்சிக்காகவும், ஊதாப் பூப் பெற்றோர் மற்றொன்று தேனீக்காகவும் அமைந்தவை. சிட்டு அதற்கும் வரும், ஆனால் அது முதல் தேர்வு அல்ல. ரீங்காரச்சிட்டுக்கென்றே சிவந்த ‘எக்ஸெர்ட்டா’ என்ற காட்டுப் பெட்டூனியா தெற்குப் பிரேசிலின் மணற்பாறைக் குடைவுகளில் வளர்வதாக 1987இல்தான் விவரிக்கப்பட்டது. முழு வெயில் விழும் தாழ்வாரத்துக்கு மெக்சிகோவின் கூஃபியா இக்னியா பெட்டூனியாவைவிடப் பொருத்தம். விரல் நீளம்கூட இல்லாத ஆரஞ்சுச் சிவப்புக் குழல். நுனியில் கறுப்பு வெள்ளை விளிம்பு. எரியும் சுருட்டை நினைவூட்டுவதால் ஆங்கிலத்தில் சுருட்டுச் செடி என்றே இதை அழைக்கிறார்கள். தண்ணீர் தவறாமல் கிடைத்தால் கோடை முழுதும் விடாமல் பூக்கும்.