குறையைச் சொல்லி விற்போம்!

(தாயில்பட்டியில் இளைஞர்களும் வணிகர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)

   

தாயில்பட்டிக்கு வந்துவிட்டுப் பட்டாசைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. இந்த ஊரில் சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும்: நமுத்த பட்டாசைப் பார்வையால் கண்டுபிடிக்க முடியாது. மேலே சுற்றிய தாள் பளபளக்கும். பெட்டியின் லேபிள் கண்ணைப் பறிக்கும். திரியில் நெருப்பு வைத்த பிறகுதான் சரக்கின் யோக்கியதை தெரியும். புஸ்ஸென்று போனால் காசு நஷ்டம். போய்விட்டது என்று எண்ணிக் கையில் எடுக்கும்போது வெடித்தால் விரல் நஷ்டம்!

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் சென்றபோது நடந்த சம்பவம் உங்களில் பலருக்குத் தெரியும். தானியக் குவியல் ஒன்றுக்குள் கையை விட்டார்கள். மேலே காய்ந்த தானியம்; உள்ளே விரலில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். அப்படியானால் மக்கள் பார்க்கும்படி ஈரத்தை மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கேட்ட நபிகளார், ஏமாற்றுகிறவர் தம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்றும் எச்சரித்தார்கள்.

சகோதரர்களே, இதில் ஒன்றை ஊன்றிக் கவனியுங்கள். நனைந்த தானியத்தை விற்காதே என்று சொல்லவில்லை. குப்பையில் கொட்டு என்றும் சொல்லவில்லை. ஈரத்தை மேலே வை என்றார்கள். அவ்வளவுதான்! குறையுள்ள சரக்கை விற்பது குற்றமில்லை. குறையை மறைப்பதுதான் குற்றம். இந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு, இன்று நம் இளைஞர்கள் பலர் இறங்கியிருக்கிற ஒரு தொழிலைப் பார்ப்போம். பழைய வாகனம் வாங்கி விற்கும் தொழில்!

"டோக்கன் போட்டுட்டுப் போங்க"

இதில் ஒரு பழக்கம் பரவி வருகிறது. வண்டி கைக்கு வந்த அன்றைக்கே விளம்பரம். டயர் மொட்டை, கதவில் நெளிசல், உள்ளே சீட் கிழிசல். வேலை எதுவும் பார்க்கவில்லை. அப்படியே நாலு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிறார்கள். கீழே ஒரு வரி: 'குட் கண்டிஷன். உடனே அணுகவும்.'

இதை என் குடும்பத்திலேயே பார்த்தேன். என் மச்சான் எட்டு வருஷம் வளைகுடாவில் பாடுபட்டு ஊர் திரும்பினார். பட்டாசு வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றி இறக்க ஒரு வேன் வாங்க நினைத்தார். விளம்பரம் பார்த்துப் போனார். நானும் கூடப் போனேன்.

"என்ன பாய், வண்டி இப்படி நிக்குது?" என்று கேட்டார் மச்சான்.

"இன்னும் ரெடி பண்ணல மாப்ளே. பிரேக், டயர், சீட்டு எல்லாம் பக்காவா செஞ்சு குடுத்துடலாம். டோக்கன் போட்டுட்டுப் போங்க. நாளைக்கு வேற பார்ட்டி வர்றாங்க."

விலை பேசி முடித்து இருபத்தைந்தாயிரம் ரூபாய் டோக்கன் போட்டோம். ஒரு வாரம் என்றது மூன்று வாரமானது. வீட்டு நகையை அடகு வைத்து மீதிப் பணத்தையும் கட்டினோம். வண்டி வந்தது. பெயிண்ட் புதுசு. சீட் கவர் புதுசு. டயரில் கறுப்பு பாலிஷ். ஆனால் அதே பழைய டயர்! பிரேக்கை யாரும் தொடவே இல்லை. கேட்டபோது வந்த பதில் இன்னும் என் காதில் ஒலிக்கிறது.

"நீங்கதானே நேர்ல பாத்து வாங்குனீங்க?"

ஒரு நாள் காலையில், பெண்கள் உட்கார்ந்திருக்கும்போதே, சாத்தூர் சாலையில் பிரேக் பெடல் தரையோடு அமுங்கிவிட்டது. ஓரத்தில் கொட்டிக் கிடந்த மண்மேட்டில் வண்டியை ஏற்றி நிறுத்தினார் மச்சான். இறைவன் காப்பாற்றினான். விற்றவர் நம் சமுதாயத்துக்காரர்தான். பெயரைச் சொல்ல மாட்டேன். ஆனால், பாய் கடை என்றால் நம்பி வாங்கலாம் என்று நம் அத்தாமார்கள் சம்பாதித்து வைத்த பெயர் அன்றைக்கு அந்த மண்மேட்டில் மோதியது!

ஏன் இப்படி நடக்கிறது?

வணிகர் எல்லாரும் கெட்டவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்களுடைய கஷ்டமும் தெரிந்ததே. ரொக்கம் கொடுத்து வண்டியை எடுக்கிறார்கள். அது நிற்கிற ஒவ்வொரு நாளும் முதல் முடங்குகிறது. எனவே முதலில் விளம்பரம், பிறகு டோக்கன், டோக்கன் பணத்தில் வேலை என்று கணக்குப் போடுகிறார்கள்.

கோளாறு இந்த வரிசையில்தான் இருக்கிறது. விலை பேசி முடித்துவிட்டால், அதன் பிறகு செய்கிற ஒவ்வொரு ரூபாய் செலவும் வணிகரின் லாபத்தில் கை வைக்கிறது. அப்போது மனம் எங்கே போகும்? கண்ணுக்குத் தெரிகிற பாலிஷுக்குச் செலவழிக்கும். கண்ணுக்குத் தெரியாத பிரேக்கைத் தள்ளிப் போடும். நல்ல மனிதரையும் இந்த வரிசை சறுக்க வைக்கும்.

வாங்குகிறவரின் நிலை என்ன? 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் 16ஆம் பிரிவைப் பாருங்கள். ஒரு பொருளை அதற்கான வணிகரிடம், அவர் சொல்லும் விவரத்தை நம்பி வாங்கினால், அது விற்பனைக்குரிய தரத்தில் இருக்க வேண்டும் என்பது எழுதாத நிபந்தனை. ஆனால் வாங்குபவர் பொருளைச் சோதித்துப் பார்த்திருந்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது! "நீங்கதானே பாத்தீங்க" என்ற கேள்வியின் பலம் புரிகிறதா? தயாராகாத வண்டியைக் கண்ணால் பார்த்துவிட்டு, வாய்ச்சொல்லை நம்பி டோக்கன் போடுகிறவர், குறையை ஏற்றுக்கொண்டவராக நிற்கிறார். சரிசெய்து தருகிறேன் என்ற வாக்குறுதிக்கோ துண்டுச் சீட்டு கூட இல்லை.

ஈரத்தை மூடும் பாலிஷ்

அப்படியானால் வேலையெல்லாம் பார்த்து, மெருகேற்றிய பிறகு விளம்பரம் செய்வதுதான் நேர்மையா? அதுவும் முழு விடையல்ல. 2023 டிசம்பர் வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை! தூத்துக்குடி, நெல்லைப் பகுதிகளில் தண்ணீருக்குள் நின்ற வண்டிகள் எத்தனை! அதே மாதத் தொடக்கத்தில் சென்னையிலும் இதே கதி. நீரில் மூழ்கிய வண்டிகள் பழைய விலைக்குக் கைமாறி, கழுவித் துடைக்கப்பட்டு, வேறு ஊர்களில் விற்பனைக்கு வருவது இத்தொழிலில் உள்ளவர்களுக்குத் தெரியாத ரகசியமல்ல. அந்த மெருகுக்குக் கீழே இருப்பது நனைந்த தானியம்தான்!

ஆகவே, அழுக்கோடு நிற்கிற வண்டியை விளம்பரம் செய்வது தவறு என்று நான் சொல்லவில்லை. சொல்லப்போனால், மெருகேற்றி மறைத்த வண்டியைவிட அது மேல். 'குட் கண்டிஷன்' என்ற அந்த ஒரு வரிதான் பொய். அதற்குப் பதிலாக 'டயர் மாற்ற வேண்டும், பிரேக் வேலை இருக்கிறது' என்று எழுதியிருந்தால், அதே படம் நேர்மையான விளம்பரம் ஆகியிருக்கும்.

நல்ல வண்டி ஓடிப்போகும் சந்தை

குறையை எழுதிப் போட்டால் எவன் வாங்குவான் என்று வணிகர்கள் கேட்கலாம். இதற்கு அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970ஆம் ஆண்டிலேயே விடை எழுதினார். அவர் எடுத்துக்கொண்ட உதாரணமே பழைய கார் சந்தைதான். மோசமான காரை அந்த நாட்டில் 'லெமன்', அதாவது எலுமிச்சை என்பார்கள். எது நல்ல கார், எது லெமன் என்று வாங்குபவருக்குத் தெரியவில்லை என்றால், அவர் எல்லாக் காருக்கும் நடுத்தர விலைதான் கேட்பார். அந்த விலை நல்ல காருக்குக் கட்டுபடியாகாது. நல்ல காரை வைத்திருப்பவர் சந்தையை விட்டே போய்விடுவார். மிஞ்சுவது லெமன் மட்டும்! இத்தகைய ஆய்வுகளுக்காக 2001ஆம் ஆண்டின் பொருளாதார நோபல் பரிசு அவருக்கும் வேறு இருவருக்கும் கிடைத்தது.

ஒருவர் மறைத்தால் அந்த வாடிக்கையாளருக்கு மட்டும் நஷ்டம் என்று எண்ணாதீர்கள். நேர்மையாக விற்கிற பக்கத்துக் கடைக்காரருக்கும் சேர்த்து விலை இறங்குகிறது. குறையைச் சொல்லி விற்பவர் ஒரு வண்டியில் கொஞ்சம் குறைவாகப் பெறலாம். ஆனால் அவர் நல்லது என்று சொல்லும் வண்டிக்கு நல்ல விலை கிடைக்கும்.

அதே அமெரிக்காவில் 1985 முதல் ஒரு விதி இருக்கிறது. பழைய கார் வணிகர் ஒவ்வொரு காரின் கண்ணாடியிலும் ஒரு தாளை ஒட்ட வேண்டும். உத்தரவாதம் உண்டா, இருக்கிற நிலையிலேயே விற்பனையா, பழுதுச் செலவில் வணிகர் ஏற்பது எவ்வளவு என்று அதில் இருக்க வேண்டும். வாய் வாக்குறுதியை நம்பாதீர்கள், எழுதி வாங்குங்கள் என்று அந்தத் தாளே வாங்குபவருக்குச் சொல்கிறது!

நம் நாட்டுச் சட்டம்

நம் நாட்டிலும் சட்டம் தூங்கவில்லை. 2022 டிசம்பரில் மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளன. பழைய வாகன வணிகர் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும். உரிமையாளர் வண்டியை ஒப்படைத்ததும் படிவம் 29சி மூலம் அதைத் தெரிவிக்க வேண்டும். அதன் பிறகு அந்த வண்டிக்கு வணிகரே உரிமையாளராகக் கருதப்படுவார்.

வண்டியை விற்கிற பொதுமக்களும் உஷாராக இருக்க வேண்டும். பெயர் மாற்றாமல் கைமாறிய வண்டி விபத்தில் சிக்கினால், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று நவீன் குமார் - விஜய் குமார் வழக்கில் 2018ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. படிவம் 29, 30இல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டோம் என்று உறங்கிவிடாதீர்கள். ஆர்.சி.யில் பெயர் மாறிவிட்டதா என்று பாருங்கள்.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு மத்திய ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். பாதிக்கப்பட்டவர் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். நம் மாவட்டத்துக்கு அது ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. என் மச்சானைப் போலச் சுயதொழில் செய்து பிழைக்க வண்டி வாங்கியவரும் நுகர்வோரே. 1915 என்ற எண்ணில் உதவி கேட்கலாம்.

நாம் செய்ய வேண்டியது

வணிகச் சகோதரர்களே! நாட்டுக்கெல்லாம் லேபிளும் விளம்பரமும் அச்சடித்துத் தருகிற சிவகாசி வட்டாரம் இது. ஒரு சின்னத் தாள் அச்சடிக்க நமக்கு என்ன கஷ்டம்? ஒவ்வொரு வண்டியின் கண்ணாடியிலும் ஒட்டுங்கள். விளம்பரப் படத்தோடும் போடுங்கள். வண்டியில் இன்று உள்ள குறை இவை. ஒப்படைப்பதற்குள் நாங்கள் செய்து தருவது இவை. செய்ய மாட்டாதவை இவை. ஒப்படைக்கும் தேதி இது. தவறினால் டோக்கன் முழுதும் திரும்பத் தரப்படும். கீழே கையெழுத்து. நாலைந்து வரி போதும். பிரேக், ஸ்டீயரிங், டயர் வேலை முடியாத வண்டியை எவர் அவசரப்படுத்தினாலும் சாலைக்கு அனுப்பாதீர்கள்.

இளைஞர்களே! வாங்கப் போகும்போது தெரிந்த மெக்கானிக் ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்துப் பாருங்கள். வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் அடிப்பகுதியில் சேற்றுக் கறை இருக்கலாம். கார்பெட்டைத் தூக்கி மோந்து பாருங்கள். கதவு, மட்கார்டில் சின்னக் காந்தத்தை வையுங்கள். கனமாகப் பட்டி பூசிய இடத்தில் ஒட்டாது. டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 3219 என்றால் 2019ஆம் ஆண்டின் 32ஆம் வாரத்தில் செய்தது. மீட்டரில் முப்பதாயிரம் கிலோமீட்டர் காட்டி, பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் காரணம் கேளுங்கள். ஆர்.சி., கடன் பாக்கி, அபராதம் ஆகியவற்றை அரசின் பரிவாஹன் தளத்தில் சரிபாருங்கள். எஃப்.சி. இருக்கிறது என்ற ஒரு சொல்லில் திருப்தி அடையாதீர்கள். அது சோதித்த அன்றைய நிலைக்கே சான்று. எழுதித் தராத வாக்குறுதிக்கு ஒரு ரூபாய் டோக்கன் கூடப் போடாதீர்கள்.

மறைத்த குறை பிற்பாடு தெரியவந்தால், பொருளைத் திருப்பிக் கொடுக்க வாங்கியவருக்கு உரிமை உண்டு என்பது நம் மார்க்கச் சட்டத்தில் பல நூறு ஆண்டுகளாக இருப்பது. இதை மேடையில் பேசி மகிழ்ந்தால் போதாது. கடையில் காட்ட வேண்டும்.

நிறைவாக ஒன்று. இந்த ஊர்ப் பெண்கள் விடியற்காலையில் வேனில் ஏறி வேலைக்குப் போகிறார்கள். பகலெல்லாம் அவர்கள் கையாள்வது வெடிமருந்து. வழியில் பிரேக்குக்கும் சேர்த்து அவர்களைப் பயப்பட வைக்கலாமா? அந்த வேனை யாரோ ஒருவர் விளம்பரம் செய்தார். யாரோ ஒருவர் விற்றார். அவர் நம் கடைக்காரராக இருக்கும்பட்சத்தில், ஈரத்தை மேலே வைத்து விற்றவராக இருக்கட்டும்!

வல்ல இறைவன் நம் அனைவருக்கும் நேர்மையான சம்பாத்தியத்தைத் தந்தருள்வானாக! வஸ்ஸலாம்.