கணக்குக்கு இன்னொரு நகல்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



போன கூட்டத்துல ஒரு அக்கா கேட்டாங்க: "கணக்கைக் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சே, இனிமே நோட்டு எதுக்கு?" அதற்குப் பதில் சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் அடித்ததை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பக்கமெல்லாம் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. கம்பங்கள் விழுந்து பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. எங்கள் வீட்டு ஓடு பறந்து, மழைத்தண்ணி கம்ப்யூட்டர் பெட்டிக்குள் இறங்கிவிட்டது. குழுவின் ஒன்றரை வருட உள்கடன் கணக்கு அதில்தான் இருந்தது. நோட்டில் எழுதுவதை நான் முன்னமே விட்டுவிட்டேன். குடுமியான்மலை இசைக் கல்வெட்டு ஆயிரம் வருஷத்துக்கு மேல நிக்குதே, அது மாதிரி இதுவும் நிக்கும்னு நினைப்பு! தப்பு என்னுடையதுதான்.

கடை கடையாக ஏறி இறங்கியும் ஹார்டு டிஸ்க்கைத் திறக்க முடியவில்லை. "நான் ஆறு தவணை கட்டிட்டேன்" என்கிறார் ஒரு அக்கா. "நாலுதான்" என்கிறார் இன்னொருவர். உறுப்பினர் பாஸ்புக், வங்கி பாஸ்புக் ரெண்டையும் வைத்துக்கொண்டு மூன்று கூட்டம் உட்கார்ந்து கணக்கைத் தேற்றினோம். தேறாத ரெண்டு தவணையை அந்த அக்கா மறுபடியும் கட்டினார். அவர் சொன்னது உண்மையாக இருக்குமோ என்று இன்றைக்கும் மனசு உறுத்துகிறது.

அதற்குப் பிறகுதான் தீர்மானம் போட்டு, வெளியில் மாட்டுகிற ஹார்டு டிஸ்க் ஒன்று வாங்கினோம். பாஸ்புக் அளவுதான் இருக்கும். யுஎஸ்பி வயரில் மாட்டினால் போதும், தனியாக கரண்ட் வேண்டாம். கணக்குக்கு அதில் கால்வாசி இடம்கூட ஆகாது. உங்க வீட்டுக் கல்யாணப் போட்டோ, பிள்ளைகளின் சர்டிபிகேட் நகல்களையும் இப்படித் தனி டிஸ்க்கில் எடுத்து வைக்கலாம்.

கூட்டம் முடிந்த அன்றைக்கு ராத்திரியே நகல் எடுத்துவிடுவேன். தேதி போட்டு புது ஃபோல்டர் திறந்து, கணக்கை 'காப்பி' செய்து அதில் 'பேஸ்ட்' செய்ய வேண்டும். 'கட்' கொடுத்துடாதீங்க. அது இடம் மாற்றுவது. அப்பவும் கையில் ஒரே பிரதிதான் இருக்கும். போன மாத ஃபோல்டரையும் அழிக்க வேண்டாம். இந்த மாதம் ஏதாவது தப்பாக ஏற்றியிருந்தால் பழசுதான் கைகொடுக்கும். நகல் எடுத்த பிறகு டிஸ்க்கிலிருந்தே ஒரு கணக்கைத் திறந்து பாருங்கள். இதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள்.

வயரைச் சடக்கென்று பிடுங்கக் கூடாது. திரையில் 'எஜெக்ட்' கொடுத்துவிட்டுத்தான் எடுக்கணும். உள்ளே தகடு சுற்றுகிற டிஸ்க் என்றால் கீழே விழுந்தால் போச்சு. எந்நேரமும் மாட்டியே வைப்பதும் ஆபத்து: கம்ப்யூட்டருக்கு வைரஸ் வந்தாலோ, இடி இறங்கினாலோ இதுவும் சேர்ந்து போகும். ஆதார் நகல் இருக்கிறதால் பாஸ்வேர்டும் போட்டிருக்கிறோம். அதை நானும் ஊக்குநரும் மட்டும் அறிவோம்.

கம்ப்யூட்டர் இருக்கிற வீட்டிலேயே டிஸ்க்கை வைத்தால் புயலுக்கு ரெண்டும் ஒன்றுதானே? அதனால் எங்கள் டிஸ்க் பிரதிநிதி வீட்டு பீரோவில் இருக்கிறது. கேட்ட அக்காவுக்கு ஒன்று சொல்லிடறேன்: நோட்டையும் நாங்கள் விடவில்லை, கையெழுத்து அதில்தான் வாங்குகிறோம். இந்த மாத நகல் இன்னும் எடுக்கலை. கூட்டம் முடிஞ்சதும் அவங்க வீட்டுக்குப் போய் டிஸ்க்கை வாங்கணும்.