தச்சு மேசை
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கைத்தொழில் பற்றி ஏதேனும் ஒரு பொருளை எடுத்துரைக்குமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். உளி பிடித்து வாழ்வோர் பலர் இச்சபையில் உளர். யாமோ ஏடு பிடித்து வாழ்பவர். ஆதலின் உளியும் ஏடும் ஒருங்கே சேர்ந்த ஒரு பொருளைத் தேர்ந்தோம். அது பிரான்சு தேசத்துத் தச்சு மேசையாகும்.

பாரீஸ் நகரில் 1739-ஆம் ஆண்டிற் பிறந்தவர் ஆந்திரே ழாக்கோப் ரூபோ என்பார். அவர் தந்தையாரும் தச்சரே. தொழிலோடு கணிதமும் வரைகலையும் கற்ற ரூபோ, தச்சுக்கலை பற்றிய பெருநூலொன்றை 1769-ஆம் ஆண்டு தொடங்கிப் பல பகுதிகளாக வெளியிட்டார். அதிற் காணும் மேசையின் இயல்பை இனிக் கூறுவோம்.

மேற்பலகை ஒரே மரத்தாலாயது. ஐந்து ஆறு அங்குலக் கனமும், இருபது முதல் இருபத்துநான்கு அங்குல அகலமும் உடையது. கால்கள் உறுதி மிக்க ஓக் மரத்தாலானவை. அவற்றின் தலையிற் செதுக்கிய முளைகள் பலகையை ஊடுருவி மேலே தோன்றும். தரைக்கு அருகில் குறுக்குச் சட்டங்கள் கால்களைப் பிணிக்கும். இத்துணைக் கனம் எற்றுக்கு எனின், இழைப்புளி மரத்தை முன்னோக்கித் தள்ளுவது. மேசை இலேசாயின் மரத்தோடு தானும் நகரும். தொழிலாளியின் வலிமையிற் பாதி வீணாகும்.

உறுதி மட்டும் போதாது, பிடிப்பும் வேண்டும். எப்பலகைக்கும் முகம், விளிம்பு, முனை என மூவகைப் பரப்பு உண்டு. இம்மூன்றையும் இழைக்கவும் அறுக்கவும் மரம் அசையாது நிற்றல் வேண்டும்.

முகத்தை இழைப்பதற்கு மேசையின் இடக்கோடியில் ஒரு சதுரத் துளையும், அதில் இறுகச் செல்லும் ஒரு மரக்கட்டையும் உள. கட்டையின் தலையிற் பற்களுடைய இரும்பு பதித்திருக்கும். கொட்டாப்புளியால் தட்டி வேண்டிய அளவு உயர்த்திப் பலகையின் நுனியை அதில் முட்டவைத்தால் போதும்.

விளிம்பை இழைப்பதற்கு முன்பக்கத்தில் ஒரு மரக்கொக்கி உண்டு. கால்களின் முகமும் பலகையின் முன்விளிம்பும் ஒரே மட்டமாய் அமைந்தமையால், நீண்ட பலகையை அக்கொக்கியிற் செருகி மேசையோடு ஒட்டி நிறுத்தலாம். கால்கள் உள்ளடங்கி நிற்பின் இது கூடாது.

அறுப்பதற்கும் துளைப்பதற்கும் உதவுவது வளைந்த இரும்புப் பிடி. அதன் தண்டினும் சற்றே பெரிய துளை பலகையில் இருக்கும். பிடியின் தலையில் ஓர் அடி அடித்தால், தண்டு துளைக்குள் சாய்ந்து இறுகி மரத்தை அமுக்கும். பின்புறத்தில் ஓர் அடி அடித்தால் விடுபடும். திருகும் வேண்டா, ஆணியும் வேண்டா.

உயரத்தை அவரவர் உடலுக்கேற்ப வகுத்தல் நலம். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிடின், சுண்டுவிரல் உள்ளங்கையோடு கூடும் இடத்தின் மட்டம் இழைப்புக்கு ஏற்றதெனப் பலர் கொள்வர்.

தரையில் அமர்ந்து காலால் மரத்தை அழுத்திச் செய்யும் வேலையும் அருந்திறமே; அதனை யாம் இகழேம். ஆயினும், மரத்தை மேசை பிடித்துக்கொள்ளின் இரு கைகளும் உளிக்குப் பின்னே நிற்கும். உளியின் முன் காலோ கையோ இராத தொழிலாளிக்குக் காயமும் குறையும். முதுகு வளையாதவன் முதுமையிலும் தொழில் செய்வான். குடும்பத்துக்கு இது சிறு நன்மையன்று.

அன்பர்களே! ரூபோ 1791-ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் மேசையோ மறையவில்லை. 2007-ஆம் ஆண்டில் அமெரிக்கராகிய கிறிஸ்டோபர் சுவார்ட்ஸ் மேசைகளைப் பற்றி எழுதிய நூலால் அது மீண்டும் பலர் பட்டறைகளிற் புகுந்தது. இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின்னரும் அதனைச் செய்ய இயன்றது எதனால்? தச்சர் மகன் ஒருவர் தம் கை அறிந்ததை அளவோடும் படத்தோடும் எழுதி வைத்தமையால் அன்றோ!

நம் மூத்தோர் கையில் உள்ள அளவுகளும் பொருத்துகளும் எத்தனை! அவர் கண் மூடிய அன்றே அவையும் மறைதல் தகுமா? ஆதலின் இளைஞர்காள்! உங்கள் பாட்டனாரிடம் அமர்ந்து கேளுங்கள், கேட்டதை ஏட்டில் எழுதுங்கள், அளவைக் குறியுங்கள், படம் வரையுங்கள். எழுத்தில் பிழையிருப்பின் திருத்தித்தர யாம் உள்ளோம். பொருளைத் தரவல்லார் நீவிரே.