குரல் நமது, கூலி யாருக்கு?

(பெரார்கஞ்ச்சில் நமது சங்கக் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தத் தீவுகளில் இரயில் ஓடவில்லை. அப்படியிருக்க இரயில்வே குமாஸ்தாக்களுக்கு அந்தமானில் என்ன வேலை என்று, வருகிற வழியில் கப்பலில் ஒரு பெரியவர் எங்களைக் கேட்டார். "வண்டி இல்லாவிட்டால் என்ன ஐயா, பயணப்பட்டு வந்த சனங்கள் இருக்கிறார்களே, அவர்களைப் பார்க்கத்தான் வருகிறோம்" என்றோம்.

நாங்கள் இன்று பேச வந்ததும் கூலியைப் பற்றித்தான். ஆனால் நீங்கள் இதுவரை கூலி கேட்காத ஒரு வேலையின் கூலி அது. பேசுகிற வேலை, கதை சொல்லுகிற வேலை, பாட்டுப் பாடுகிற வேலை.

உங்கள் பிள்ளைகள் காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு கைபேசியில் எதையோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். எல்லாம் பாட்டு என்று நினைக்காதீர்கள். அதில் பேச்சும் உண்டு. பாட்காஸ்ட் என்கிறார்கள், தமிழில் வலையொலி. வானொலியில் குறித்த நேரத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். இதை வேலை முடிந்து வந்து, அடுப்படியில் நின்றுகொண்டு, வேண்டிய நேரத்தில் கேட்கலாம். பாட்காஸ்ட் என்ற பெயர் 2004இல் பிறந்தது. இன்று அது உலகம் முழுவதும் ஒரு பெருந்தொழில். தொழில் என்றால் முதலாளி உண்டு, தொழிலாளி உண்டு, லாபம் உண்டு. நாம் கவனிக்க வேண்டிய இடம் இதுதான்.

2020 ஆகஸ்டு 10ஆம் தேதி சென்னையிலிருந்து இந்தத் தீவுகளுக்குக் கடலடிக் கம்பி திறந்து வைக்கப்பட்டது. சுமார் 2,300 கிலோமீட்டர் நீளம். அதற்கு முன்பு செயற்கைக்கோளை நம்பி, ஒரு படம் வந்து சேருவதற்குள் பொழுது விடிந்துவிடும் என்று நீங்கள் அலுத்துக்கொண்டதெல்லாம் எங்களுக்குத் தெரியும். இப்போது கம்பி வந்துவிட்டது. அந்தக் கம்பி வழியாக இங்கே வருவது என்ன, இங்கிருந்து போவது என்ன?

இரயில்வேயில் அப் லைன், டவுன் லைன் என்று இரண்டு உண்டு. இந்தக் கம்பியில் டவுன் லைனில் வண்டிகள் வரிசையாக வருகின்றன. சென்னைப் பேச்சு, மும்பைப் பேச்சு, அமெரிக்கப் பேச்சு எல்லாம் வருகிறது. அப் லைனில் வண்டியே காணோம். பெரார்கஞ்ச் பேச்சு ஊருக்குப் போகவில்லை.

சொல்ல விஷயம் இல்லாமலா? 2011 கணக்குப்படி 3,80,581 பேர் வாழும் இத்தீவுகளில் நூற்றுக்குப் பதினைந்து பேர் அளவுக்குத் தமிழைத் தாய்மொழி என்றவர்கள். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கைத் தோட்டங்களிலிருந்து பெயர்க்கப்பட்டு, கச்சால் தீவின் ரப்பர் காட்டுக்கு வந்தவர்கள் அவர்களில் உண்டு. நம் பக்கத்து வீட்டுக்காரர்களைப் பாருங்கள். 1921 மலபார்க் கிளர்ச்சிக்குப் பின் நாடு கடத்தப்பட்ட மாப்பிள்ளைமாரின் பேரப்பிள்ளைகள், குற்றப் பரம்பரை என்று முத்திரை குத்தி வெள்ளைக்காரன் இந்தப் பக்கம் கொண்டுவந்து குடியேற்றிய பாந்து மக்கள், கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிகள், ராஞ்சித் தொழிலாளர்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சரித்திரம் பாயில் படுத்து இருமிக்கொண்டிருக்கிறது. பாட்டி தமிழில் கேட்கிறாள், பேரன் இந்தியில் பதில் சொல்கிறான். பாட்டி போனால் கேள்வியும் போய்விடும்.

மிகைப்படுத்திச் சொல்லவில்லை. 2010 ஜனவரி 26 அன்று இந்தத் தீவில் போவா சீனியர் என்ற மூதாட்டி இறந்தார். அகா-போ மொழியைப் பேசிய கடைசி மனுஷி அவர். சுனாமிக்கும் தப்பியவர். பேராசிரியர் அன்விதா அப்பி பதிவு செய்து வைத்ததால் அவர் குரல் மிஞ்சியது. கடைசி ஆண்டுகளில் தம் மொழியில் பேச அவருக்கு எதிரே ஓர் ஆள் இல்லை. தமிழுக்கு அந்தக் கதி வராது. தமிழ் எங்கேயோ வாழும். ஆனால் இந்தத் தீவுத் தமிழனின் கதைக்கு அந்தக் கதி வரலாம்.

இனி லண்டனுக்கு வாருங்கள். 2018இல் அங்கே ரெனே ரிச்சர்ட்சன் என்ற கறுப்பினப் பெண்மணி பிராக்கோலி என்ற பாட்காஸ்ட் தயாரிப்பு நிறுவனத்தைத் தொடங்கினார். ஒலித் தொழிலில் வெள்ளையர் குரலே நிறைந்திருந்தது; ஒதுக்கப்பட்டவர்களைத் தேடிப் பிடித்து வேலை கொடுப்பதே தம் வேலை என்றார். 2019இல் சோனி மியூசிக் என்னும் பெருங்கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்தது; பிறகு அதிலிருந்து விலகித் தனியே நின்றது. பிரிட்டனின் அடிமை வியாபாரத்தை அலசும் ஒரு தொடரையும் வெளியிட்டது. கப்பலேற்றப்பட்ட கூலிகளின் வாரிசுகளான நமக்கு அந்தக் கணக்கு அந்நியமல்ல.

2020இல் அமெரிக்காவில் ஜார்ஜ் பிளாய்டு என்ற கறுப்பினத்தவர் போலீஸ்காரரின் முழங்காலடியில் மூச்சுத் திணறி மாண்டபோது, பெரிய கம்பெனிகள் எல்லாம் அனுதாபம் தெரிவித்தன. இந்தச் சிறு நிறுவனம் அனுதாபத்தோடு நிற்காமல் ஐந்து உறுதிமொழிகளை எழுதி, கையெழுத்துப் போடுங்கள் என்று ஒலித் தொழில் முழுவதன் முன்னும் நீட்டியது. நூற்றுக்கணக்கான நிறுவனங்கள் ஒப்பமிட்டன. தொழிற்சங்கக்காரன் காதில் அந்த ஐந்தும் எப்படி ஒலிக்கின்றன, கேளுங்கள்.

ஒன்று: பயிற்சி என்ற பெயரில் சம்பளமில்லாமல் யாரையும் வேலை வாங்க மாட்டோம். சம்பளம் இல்லாமல் ஆறு மாதம் பழக யாரால் முடியும்? அப்பன் வீட்டில் பணம் உள்ளவனால் முடியும். மஸ்தூர் மகளால் முடியாது.

இரண்டு: சிறுபான்மையினரை அவர்கள் அடையாளம் சம்பந்தப்பட்ட வேலைக்கு மட்டும் கூப்பிட மாட்டோம். தமிழர்களே, இது நமக்குத் தெரிந்த கதைதானே? பொங்கலுக்குக் கூப்பிடுவார்கள், காவடிக்குக் கூப்பிடுவார்கள். குடிநீரைப் பற்றியோ கப்பல் டிக்கெட்டைப் பற்றியோ பேச நம்மைக் கூப்பிட்டார்களா?

மூன்று: ஆண் பெண் சம்பள வித்தியாசத்தை வெளியிடும் கம்பெனி, இனவாரிச் சம்பள வித்தியாசத்தையும் சேர்த்து வெளியிட வேண்டும். நான்கு: அந்த ஊரின், அந்தத் தொழிலின் மக்களைப் பிரதிபலிக்காத கருத்தரங்க மேடையில் ஏற மாட்டோம்.

ஐந்து: நிறுவனத்தில் யார் யார் வேலை செய்கிறார்கள், என்ன பதவி, நிரந்தரமா தற்காலிகமா என்பதை மறைக்க மாட்டோம். இதுதான் எங்களை உலுக்கியது. மேடையில் ஒரு கறுத்த முகத்தை நிறுத்திவிட்டு, உள்ளே முடிவெடுக்கும் நாற்காலியெல்லாம் தங்கள் ஆட்களாக வைத்துக்கொள்வது பழைய தந்திரம். இரயிலில் ஹாரன் அடிப்பவர் ஒருவர். வண்டி எந்தப் பாதையில் போக வேண்டும் என்று பாயிண்ட்ஸ் மாற்றுபவர் வேறொருவர். குரல் கொடுப்பவர் யார் என்று மட்டும் கேட்காதீர்கள், வெட்டித் தொகுப்பவர் யார் என்றும் கேளுங்கள்.

எங்கள் அனுபவம் ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் இரயில்வே குடியிருப்புக்குப் பதிவுக் கருவியோடு சிலர் வந்தார்கள். கேங்மேன்களின் மனைவிமார் நடவுப் பாட்டும் தாலாட்டும் பாடினார்கள். பிரதி தருவோம் என்றவர்கள் தரவில்லை. பிறகு அந்தப் பாட்டு வெளியே வந்தது. பாடியவர் பெயர் இல்லை, பைசாவும் இல்லை. போய்க் கேட்டதற்கு, "கிராமியக் குரல்கள் என்று போட்டிருக்கிறோமே" என்றார்கள். அந்தப் பெண்களுக்குப் பெயர் இல்லையா? தவறு எங்கள் மேலும் உண்டு. மேஸ்திரியிடம் ஒரு நாள் கூலியை எண்ணி வாங்கும் நாங்கள், குரலை எண்ணாமல் கொடுத்துவிட்டோம்.

நம்மால் முடியுமா என்று தயங்க வேண்டாம். தெலங்கானாவில் தலித் பெண்கள் 2008 முதல் சங்கம் ரேடியோவை நடத்தினார்கள். பாம்பனில் 2016இல் மீனவர்களுக்கென்றே கடல் ஓசை 90.4 தொடங்கியது. அவை சமுதாய வானொலிகள். அரசு உரிமம் வேண்டும், கோபுரம் வேண்டும், சொந்தமாகச் செய்தி சொல்லவும் தடை. பாட்காஸ்டுக்குக் கோபுரம் வேண்டாம். ஒரு கைபேசி, சத்தமில்லாத ஓர் அறை, தொகுக்கத் தெரிந்த இரண்டு பிள்ளைகள் போதும்.

ஆகவே சங்கத்தின் முன் நாங்கள் வைக்கும் யோசனை இது. மாதம் ஒரு முறை இங்கே ஒரு மூத்தவரைப் பதிவு செய்வோம். தொகுக்கும் பிள்ளைகளுக்குச் சங்க நிதியிலிருந்து கூலி கொடுப்போம். அதில் பாதிப்பேராவது பெண்களாக இருக்கட்டும். பேசியவர் பெயர் முதலில் வரும், பிரதி அவர் வீட்டில் இருக்கும், வேண்டாம் என்று அவர் சொன்னால் நிறுத்துவோம். வங்காளி, ராஞ்சி, மாப்பிள்ளைத் தோழர்களையும் அவரவர் மொழியில் பேச அழைப்போம்.

இன்னொன்று. ஜிர்காடாங் சாவடிக்கு அப்பால் உள்ள ஜராவா மக்களிடம் யாரும் கருவியோடு போகக்கூடாது. அந்தப் பெண்களை உணவு காட்டி ஆடவைத்த படம் 2012இல் வெளியாகி உலகமே காறித் துப்பியது. பிறர் நமக்குச் செய்ததை நாம் பிறருக்குச் செய்யலாகாது.

தாய்மார்களே, முதல் பதிவுக்கு யார் வருகிறீர்கள்? கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள். கூலி எவ்வளவு என்பதையும் நீங்களே சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறோம்.