குறட்டையை மறைக்காதீர்கள்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் குழு ஊக்குநர் ஒருவர் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும் படித்தவள். ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு கிராமம். வீட்டுக்காரர் மார்க்கெட்டுக்குக் காய்கறி லோடு ஓட்டுகிறார். மாமியார், இரண்டு பிள்ளைகள், இரண்டு மாடு, இதுதான் என் குடும்பம். எனக்கு முன்னால் பேசிய அக்காமார்கள் குழுவில் கடன் வாங்கித் தொழில் செய்து முன்னேறிய கதையைச் சொன்னார்கள். நான் குழுவில் கடன் வாங்கித் தூங்கின கதையைச் சொல்லப் போகிறேன். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நானே இப்போதுதான் சிரிக்க ஆரம்பித்திருக்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் எனக்கு எந்நேரமும் தூக்கம். ராத்திரி ஒன்பதுக்குப் படுத்தால் காலை ஐந்து வரை படுக்கையில்தான் இருப்பேன். ஆனாலும் எழுந்திருக்கும்போது தலை பாறாங்கல் மாதிரி கனக்கும். வாய் காய்ந்து கிடக்கும். பால் சொசைட்டி வரிசையில் கேனைப் பிடித்தபடியே கண் சொக்கும். ஒரு நாள் வண்டியில் வரும்போது ஒரு நொடி கண் மூடிவிட்டது. முள்வேலியில் போய் விட்டேன். நல்லவேளை, கையில் கீறலோடு போனது. வீட்டில் "நாய் குறுக்க வந்துருச்சு"ன்னு பொய் சொன்னேன்.

எல்லாவற்றையும்விட வலித்தது குழுவில் நடந்ததுதான். எங்கள் குழுவில் 12 பேர். கணக்கு எழுதுவது நான். ஒரு மாதம் கூட்டம் முடிந்து பணத்தை எண்ணிப் பார்த்தால், லெட்ஜரில் எழுதினதைவிட 2,500 ரூபாய் குறைந்தது. மூன்று தடவை எண்ணினோம். குறைந்தது குறைந்ததுதான். நான் எடுத்தேன் என்று யாரும் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. ஆனால் அடுத்த கூட்டத்தில் ஒரு அக்கா, "இனிமே பெட்டிச் சாவி ஒருத்தர்கிட்டயே இருக்க வேண்டாம்"னு சொன்னாங்க. அது எனக்குப் புரியாதா? பால் காசிலிருந்து 2,500-ஐ எடுத்து வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து அழுதேன். அழுதுகொண்டே தூங்கியும் விட்டேன். அப்படி ஒரு தூக்கம்.

அந்தச் சமயம் மக்களைத் தேடி மருத்துவத்தில் வரும் தங்கச்சி, அவளும் நம்மைப் போல ஒரு குழு உறுப்பினர்தான், வீட்டுக்கு வந்து பிபி பார்த்தாள். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டும் 160-க்குக் கீழே இறங்கவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினாள். அங்கே இருந்த டாக்டரம்மா எல்லாம் கேட்டுவிட்டு, "ராத்திரி குறட்டை விடுவீங்களா?"ன்னு கேட்டாங்க.

"இல்லைங்க மேடம்"ன்னு சொன்னேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? ஆம்பிளை குறட்டை விட்டால் "அசதியில தூங்குறாரு" என்பார்கள். பொம்பளை விட்டால் கேலி. கல்யாணமான புதுசிலேயே மாமியார் சொல்லிக் காட்டியிருக்கிறார்கள். விருந்துக்குப் போன வீட்டில் நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்து விடிய விடிய முழித்திருக்கிறேன். அதனால் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

கூட வந்திருந்தது என் மகள். எட்டாவது படிக்கிறாள். அவள் சொன்னாள்: "அம்மா பொய் சொல்லுது மேடம். குறட்டை விடும், அப்புறம் சத்தமே வராது. மூச்சும் வராது. நான் ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணுவேன். இருபது, இருபத்தஞ்சு வரைக்கும் போகும். அதுக்கு மேல போனா தட்டி எழுப்புவேன். அப்ப திணறி மூச்சு விடும்."

எத்தனை நாளாக எண்ணுகிறாய் என்று டாக்டரம்மா கேட்டார்கள். "ஆறாவதுல இருந்து" என்றாள்.

அக்கா, நான் தூங்குகிறேன் என்று நினைத்துக் கொண்டிருந்த அத்தனை ராத்திரியும் என் பிள்ளை முழித்துக் கிடந்திருக்கிறாள். வகுப்பில் தூங்குகிறாள் என்று டீச்சர் சொன்னபோது நான் அவளைத்தான் அடித்தேன்.

மதுரைக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே ஒரு ராத்திரி தங்க வைத்து, தலையிலும் நெஞ்சிலும் காலிலும் ஒயர் ஒட்டி, விரலில் கிளிப் மாட்டித் தூங்கச் சொன்னார்கள். இதற்குப் பெயர் தூக்கப் பரிசோதனை. மூச்சு குறைந்தபட்சம் 10 வினாடி நின்றாலோ, ரொம்பக் குறைந்தாலோ அதை ஒன்று என்று எண்ணுவார்களாம். ஒரு மணி நேரத்துக்கு 5-க்குள் இருந்தால் சரி. 30-ஐத் தாண்டினால் கடுமை. எனக்கு 38. நோயின் பெயர் ஸ்லீப் ஆப்னியா. தூங்கும்போது தொண்டைச் சதை தளர்ந்து மூச்சுக் குழாயை அடைத்துக்கொள்கிறது. மூளை பதறி நம்மை எழுப்பிவிடுகிறது. நமக்கு எழுந்ததே ஞாபகம் இருக்காது. ராத்திரி முழுக்க இப்படி எழுந்தால் பகலில் எப்படிக் கண் திறக்கும்? பிபி எப்படி இறங்கும்?

அதற்குக் கொடுத்ததுதான் சிபேப் மெஷின். மோட்டாரை நிறுத்தினால் தோட்டத்து ஓஸ் சப்பிப் போய்க் கிடக்கும். மோட்டார் போட்டால் உப்பி வட்டமாக நிற்கும் இல்லையா? அதேதான். மெஷின் காற்றை அழுத்தி அனுப்பும், தொண்டை அடைக்காமல் திறந்தே இருக்கும். அது ஆக்சிஜன் இல்லை, நம் வீட்டுக் காற்றுதான். வெண்டிலேட்டரும் இல்லை, மூச்சு நாம்தான் விடுகிறோம். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், கொரோனாவுக்குப் பிறகு முகத்தில் மாஸ்க்கும் குழாயும் பார்த்தாலே நம் ஜனங்களுக்குப் பயம். எனக்கு மெஷின் வந்த மறுநாளே "அவ தேறமாட்டா"ன்னு ஊருக்குள் பேச்சு. சிட்னியில் காலின் சல்லிவன் என்ற டாக்டர் இந்த முறையைக் கண்டுபிடித்து 1981-லேயே எழுதி வெளியிட்டாராம். எனக்கு வயது 36. இந்த வைத்தியம் எனக்கு மூத்தது.

மெஷின் விலை 42,000 என்றார்கள். ஒரு மாதம் வாடகைக்கு எடுத்துப் பார்த்துவிட்டு வாங்கச் சொன்னார்கள். அது நல்ல யோசனை, நீங்களும் கேளுங்கள்.

முதல் ராத்திரி 20 நிமிடம்கூட வைக்க முடியவில்லை. மூச்சு முட்டுவது போல் இருந்தது. பிய்த்துப் போட்டேன். இரண்டாம் நாள் மாஸ்க் ஓரத்தில் காற்று கசிந்து கண்ணில் அடித்தது. வாரை இறுக்கினேன். கசிவு கூடிற்று, மூக்குத் தண்டில் காயமும் வந்தது. நான்காம் நாள் கரண்ட் போய்ப் பதறி எழுந்தேன். வயிற்றில் காற்று போய் உப்புசம் வேறு. என் மாமியார் பார்த்துவிட்டு, "மாட்டுக்கு வாய்க்கூடு கட்டுன மாதிரி இருக்கு"ன்னு சொன்னாங்க. எட்டாம் நாள் மெஷினைப் பையில் போட்டு, திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன்.

அவர் பையை எடுக்கவில்லை. "நீ கொடுத்துட்டா மறுபடியும் பாப்பாதான் எண்ணணும்"னு மட்டும் சொன்னார்.

அன்றைக்கே ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்த நம்பருக்குப் போன் பண்ணினேன். அந்தப் பொண்ணு பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள். அதை அப்படியே உங்களுக்குச் சொல்கிறேன், யாருக்காவது உதவும்.

பகலிலேயே பழக வேண்டும். முதலில் மெஷின் இல்லாமல் மாஸ்க்கை மட்டும் மாட்டுங்கள். நான் முருங்கைக்கீரை உருவும்போது மாட்டிக்கொள்வேன். அப்புறம் மெஷினையும் போட்டு டிவி பார்க்கலாம். அது பழகின பிறகு ராத்திரி.

வாரை இறுக்கக் கூடாது. படுத்துக்கொண்டு, காற்று ஓடும்போதே சரி பண்ண வேண்டும். உட்கார்ந்து சரி பண்ணினால் படுத்ததும் முகம் மாறி, காற்று கசியும். அப்படியும் கசிந்தால் அளவு சரியில்லை என்று அர்த்தம், வேறு மாஸ்க் கேளுங்கள். மூக்குக்கு மட்டும் ஒன்று, வாயும் சேர்த்து ஒன்று என்று வகை இருக்கிறது.

காற்றை முதலில் மெதுவாக விட்டு, போகப் போகக் கூட்டுகிற வசதி மெஷினிலேயே இருக்கிறது. அதைப் போட்டுவிடச் சொல்லுங்கள். எனக்கு அதற்குப் பிறகுதான் மூச்சு முட்டுவது நின்றது. வயிற்று உப்புசம் இருந்தாலும் சொல்லுங்கள், அழுத்தத்தை அவர்கள் பார்த்து மாற்றுவார்கள். நாமாக மாற்றக் கூடாது.

மூக்கு, வாய் காய்ந்தால் அதிலுள்ள தண்ணித் தொட்டியைப் பயன்படுத்த வேண்டும். டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்ற வேண்டும், போர் தண்ணி உப்பு படியும். மெஷின் நம் தலையைவிடத் தாழ்ந்து இருக்க வேண்டும், இல்லையென்றால் குழாய்க்குள் தண்ணி வரும். பாயில் படுக்கிற வீட்டில் என்ன செய்வது? நான் கயிற்றுக் கட்டிலுக்கு மாறி, கீழே மணைமேல் மெஷினை வைத்தேன். தரையில் வைத்தால் தூசியை இழுக்கும்.

தினமும் மாஸ்க்கைத் துடைக்க வேண்டும். வாரம் ஒரு தடவை குழாயையும் தொட்டியையும் சோப்புத் தண்ணியில் கழுவி நிழலில் காய வைக்க வேண்டும். கரண்ட் போனால் பயம் வேண்டாம். மாஸ்க்கில் காற்றுப் போகத் துளை இருக்கும், கழற்றி வைத்துக்கொள்ளலாம்.

ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம், நான்கு மணி நேரம் என்று கூடியது. பத்தொன்பதாம் நாள். பால்காரர் ஹாரன் சத்தத்தில் எழுந்தேன். தலை கனக்கவில்லை. என்னமோ குறைகிறதே என்று சுற்றிப் பார்த்தேன். தலைவலிதான் குறைந்திருந்தது. பக்கத்தில் மகள் வாயைத் திறந்தபடி அப்படி ஒரு தூக்கம். அன்றைக்கு அவள் எண்ணவில்லை. ஸ்கூலுக்கு நேரமாகிவிட்டது, ஆனாலும் எழுப்ப மனசு வரவில்லை.

மாதம் முடிந்ததும் மெஷினைச் சொந்தமாக வாங்கக் குழுவில் 30,000 கேட்டேன். "தூங்குறதுக்கா கடன்?"னு ஒருத்தர் கேட்டாங்க. நியாயமான கேள்விதான். நான் ரிப்போர்ட்டை எடுத்துப் படித்தேன். மகள் சொன்னதையும் சொன்னேன். ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. அப்புறம் பெட்டிச் சாவியைப் பற்றிச் சொன்ன அதே அக்காதான், "மருத்துவக் கடன்னு தீர்மானம் எழுதுங்க"ன்னு முதல் ஆளாகச் சொன்னாங்க. மீதியை ஒரு கன்றுக்குட்டியை விற்றுக் கட்டினோம்.

அந்த 2,500 என்ன ஆனது என்று கேட்பீர்கள். தெளிவு வந்த பிறகு ஒரு மத்தியானம் 12 பேர் பாஸ்புக்கையும் வாங்கி லெட்ஜரோடு வைத்துப் பார்த்தேன். அந்த மாதம் ஒரு உறுப்பினர் மகள் பிரசவத்துக்குப் போய் ஊரிலேயே இல்லை. அவர் கட்டாத தவணையைக் கட்டினதாக லெட்ஜரில் எழுதியிருக்கிறேன். என் கையெழுத்து கோணிக்கொண்டு கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. தூக்கத்தில் எழுதியது. கூட்டத்தில் எழுந்து நின்று, "தப்பு என்னுது"ன்னு காட்டினேன். அவர் அந்தத் தவணையைக் கட்டினார், என் பணம் என்னிடம் வந்தது. பணத்தைவிடப் பெரிய ஒன்றும் திரும்பி வந்தது.

நோய் போய்விட்டது என்று நான் சொல்லவில்லை. மெஷினை வைக்காவிட்டால் மறுபடியும் வரும். பிபி முன்னைவிடக் குறைந்திருக்கிறது, மாத்திரையும் சாப்பிடுகிறேன். எடையைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள், நடந்துகொண்டிருக்கிறேன். கடனில் இன்னும் ஏழு தவணை பாக்கி. மாமியார் இப்போது ராத்திரி, "வாய்க்கூடு மாட்டிட்டியா?"ன்னு அவங்களே கேட்கிறாங்க.

கூட்டமைப்புக்கு என் ஒரே வேண்டுகோள். மாதக் கூட்டத்தில் சேமிப்பு, சந்தா எல்லாம் முடிந்த பிறகு மூன்று கேள்வி கேளுங்கள். சத்தமாகக் குறட்டை உண்டா? தூக்கத்தில் மூச்சு நிற்பதை வீட்டில் யாராவது பார்த்திருக்கிறார்களா? பகலில் வேலை செய்யும்போதே கண் சொக்குகிறதா? இருக்கிறது என்று சொன்னால் யாரும் சிரிக்காமல் டாக்டரிடம் அனுப்புங்கள். உங்கள் வீட்டில் லாரி, லோடு வண்டி ஓட்டும் ஆண்களையும் கேளுங்கள். எனக்கு முள்வேலி இருந்தது. எல்லோருக்கும் வேலியே இருக்கும் என்று சொல்ல முடியாது.

பிள்ளைகளையும் கேளுங்கள். நாம் மறைப்பது அவர்களுக்குத் தெரியும்.