கானாவின் அயலுறவு அமைச்சர்கள்: விடுதலையின் அளவுகோல்



ஒரு நாட்டின் விடுதலை எத்துணை முழுமையானது என்பதை அதன் அயலுறவு அமைச்சர்களின் வரலாறே உணர்த்தும். கானா அதற்குச் சான்று.

1957 மார்ச் 6 அன்று நாடு விடுதலை பெற்றபோது பிரதமர் குவாமே நிக்ருமாவே அத்துறையையும் ஏற்றிருந்தார். பின்னர் அப்பொறுப்புக்கு வந்தவர்களுள் ஒருவர் அகோ அட்ஜெய். 1947-இல் நிக்ருமாவைத் தாயக அரசியலுக்கு அழைக்கப் பரிந்துரைத்தவர் இவர்தான். 1962-இல் குலுங்குகு குண்டுவீச்சு வழக்கில் அவர் கைது செய்யப்பட்டார். நீதிமன்றம் விடுவித்தது, மறுவிசாரணையோ மரண தண்டனை விதித்தது. பின்னர் அது குறைக்கப்பட்டது. பழைய தோழரையே சிறையில் அடைத்த அரசு, மக்களிடமிருந்தும் விலகிக்கொண்டிருந்தது.

அலெக்ஸ் குவைசன்-சாக்கி, ஐ.நா. பொதுச்சபைத் தலைவரான முதல் கறுப்பின ஆப்பிரிக்கர், 1965-இல் அமைச்சரானார். 1966 பிப்ரவரி 24 அன்று, நிக்ருமா சீனப் பயணத்தில் இருக்கையில், இராணுவம் ஆட்சியைக் கவிழ்த்தது. உடன் சென்றிருந்த அமைச்சரோ, புதிய ஆட்சியாளர்கள் அமர்ந்திருந்த அக்ராவுக்கே திரும்பினார்.

1979-இல் மற்றொரு முன்னாள் அமைச்சர், கர்னல் ரோஜர் ஃபெல்லி, சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்து ராலிங்ஸ் ஆட்சியில் நீண்டகாலம் அமைச்சராக இருந்தவர் ஒபெட் அசமோவா. ஏகாதிபத்திய எதிர்ப்பை முழங்கிய அவ்வரசே 1983-இல் பன்னாட்டு நிதியத்தின் நிபந்தனைகளை ஏற்றது.

கானா உழவரின் கோகோவுக்கு லண்டனும் நியூயார்க்கும் விலை வைக்கின்றன. அந்நிலை நீடிக்கும்வரை, அமைச்சர் எவராயினும் அவர் குரல் அரைக்குரலே. பொருளாதார விடுதலையும் உட்கட்சி ஜனநாயகமும் இன்றி அயலுறவில் தற்சார்பு நிலைக்காது.