ஓங்கிய கையை நிறுத்துதல்



என் ஊர் பேரிகை. ஓசூருக்குக் கிழக்கே, கர்நாடக எல்லையை ஒட்டிக் கிடக்கும் சிற்றூர். தெருவில் பத்தடி நடந்தால் தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மூன்று மொழிகளும் காதில் விழும். பேரிகை என்னும் சொல்லுக்குப் பெருமுரசு என்பது பொருள் என்பதை நீங்கள் அறிவீர்கள். முரசின் பெயரைத் தாங்கிய ஊரிலே பிறந்த எனக்கு ஓர் ஓசையின்மேல் காதல் பிறந்தது. ஆனால் அது முரசின் ஓசை அன்று. நான்கு சுவர்களுக்கு நடுவே, ஒரு சிறு ரப்பர்ப் பந்து சுவரில் மோதி எழுப்பும் ஓசை அது. ஸ்குவாஷ் என்னும் விளையாட்டின் ஓசை.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியனாகவும் தலைமை ஆசிரியனாகவும் பணிபுரிந்து ஓய்வு பெற்ற நான், இன்று உங்களுக்கு இலக்கணமோ வரலாறோ சொல்ல வரவில்லை. நான் வாழ்நாள் முழுதும் விரும்பிய ஒரு விளையாட்டைப் பற்றியும், அதனால் உடலுக்கு நேரக்கூடிய இடர்களைப் பற்றியும், அவ்விளையாட்டு எனக்குக் காலம் கடந்து கற்பித்த ஒரு பாடத்தைப் பற்றியும் சொல்ல வந்துள்ளேன்.

எனக்குப் பதின்மூன்று வயது. ஆண்டு 1973. என் தாய்மாமன் பெங்களூரில் ஒரு மன்றத்தில் மார்க்கராக வேலை பார்த்தார். ஆட்டத்தின் புள்ளிகளை எண்ணிச் சொல்வதும், உறுப்பினர்களோடு ஆடி அவர்களுக்குப் பயிற்சி தருவதும் மார்க்கரின் பணி. கோடை விடுமுறையில் மாமனிடம் சென்ற என்னை, உறுப்பினர்கள் எல்லாரும் வீடு திரும்பிய பின்னர், அவர் ஆடுகளத்திற்குள் அழைத்துச் சென்றார். நீளம் 9.75 மீட்டர், அகலம் 6.4 மீட்டர். நம் பள்ளி வகுப்பறையைவிடச் சற்றே பெரிய அறை, அவ்வளவுதான். நடுவே வலை இல்லை. இருவரும் ஒரே பக்கத்தில் நின்று, ஒரே சுவரை நோக்கி மாறி மாறிப் பந்தை அடிக்கவேண்டும். தரையில் இரண்டாம் முறை படுமுன் பந்தை எடுக்கத் தவறியவர் புள்ளியை இழப்பார்.

மாமன் என் உள்ளங்கையில் பந்தை வைத்தார். கோலிக்குண்டைவிடப் பெரியது, எலுமிச்சம்பழம் அளவுதான் இருக்கும். விட்டம் 40 மில்லிமீட்டர். எடை 24 கிராம். தரையில் போட்டுப் பார்த்தேன். செத்த எலியைப் போலக் கிடந்தது. "இது எழாதே, மாமா" என்றேன். "குளிர்ந்த பந்து எழாதுடா. இருபது முப்பது அடி வாங்கிச் சூடேறட்டும், பிறகு பார்" என்றார். அவ்வாறே ஆயிற்று. அடிபட அடிபட ரப்பரும் அதனுள் அடைபட்ட காற்றும் வெப்பம் கொண்டன. பந்து உயிர் பெற்று எழுந்தது. "உன் கைகால்களும் அப்படித்தான். பந்தைச் சூடேற்றாமல் ஆட்டம் தொடங்குவதில்லை, உடம்பைச் சூடேற்றாமலும் தொடங்கக் கூடாது" என்று அவர் கூறியது, எந்த உடற்பயிற்சி நூலிலும் நான் படித்தறியாத எளிய விளக்கம்.

இந்த விளையாட்டு இங்கிலாந்தில், ஹாரோ என்னும் பள்ளியில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தோன்றியது. மாணவர்கள் அங்கே வேறொரு மட்டைப்பந்து ஆட்டத்திற்குத் தம் முறைக்காகக் காத்து நிற்கையில், நசுங்கக்கூடிய மென்மையான ரப்பர்ப் பந்தை அருகிலிருந்த சுவர்களில் அடித்துப் பொழுது போக்கினார்கள். அதுவே தனி விளையாட்டாயிற்று. ஆங்கிலேயப் படை அதிகாரிகள் அதனை நம் நாட்டிற்குக் கொண்டு வந்தார்கள். பெஷாவர் நகரில் அதிகாரிகளின் மன்றத்தில் இருந்த ஆடுகளத்திற்குக் கூரை இல்லை. சுவரைத் தாண்டி விழும் பந்துகளை எடுத்துப் போட ஒரு சிறுவன் இருந்தான். அதிகாரிகள் சென்ற பின்னர் அவன் வெறுங்காலோடு தனியே ஆடிப் பழகினான். அச்சிறுவனே ஹாஷிம் கான். நாடு பிரியுமுன் பம்பாயில் அகில இந்தியப் பட்டத்தை வென்ற அவர், 1951ஆம் ஆண்டில், முப்பத்தைந்து வயதைக் கடந்த பின்னர், பிரிட்டிஷ் ஓப்பன் பட்டத்தை வென்றார். மொத்தம் ஏழு முறை அதனை வென்றார். முதுமையிலும் மட்டையைக் கைவிடாத அவர் 2014இல் மறைந்தார். பந்து பொறுக்கும் சிறுவன் உலக வீரன் ஆன இக்கதையை மாமன் சொல்லக் கேட்ட நாளிலிருந்து, நான் அந்த ஆட்டத்திற்கு அடிமையானேன்.

இனி, நான் மறக்க விரும்பியும் மறக்க முடியாத நாளுக்கு வருகின்றேன்.

1989ஆம் ஆண்டு. நான் ஓசூரில் ஆசிரியனாக இருந்தேன். வயல்களாக இருந்த இடங்களில் தொழிற்சாலைகள் பெருகிவந்த காலம் அது. அவற்றுள் ஒன்றில் பொறியாளராக இருந்த நண்பர் ஒருவர் வழியாக, ஞாயிறுதோறும் ஓர் ஆடுகளத்தில் எங்களுக்கு இடம் கிடைத்தது. இருவரும் சம வலிமை உடையவர்கள். அக்காலத்தில் ஓர் ஆட்டத்திற்கு ஒன்பது புள்ளிகள். அன்று எட்டுக்கு எட்டு என்று நின்றோம். நண்பர் அடித்த பந்து தவறி, களத்தின் நடுவே எனக்கு எளிதாக வந்து எழுந்தது. எனக்கும் முன்சுவருக்கும் இடையே அவர் நின்றார். பந்து எங்கே போயிற்று என்று அறியத் திரும்பிப் பார்த்தார். நான் மட்டையை ஓங்கியிருந்தேன். அவர் முகம் எனக்குத் தெரிந்தது. ஆயினும் அடித்தேன்.

பந்து அவர் வலக் கண்ணில் பட்டது.

அவர் கத்தவில்லை, கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு தரையில் அமர்ந்துவிட்டார். மருத்துவமனையில், கண்ணின் முன்னறையில் குருதி தேங்கியுள்ளது என்றார்கள். தலையை உயர்த்தி வைத்துப் பல நாள்கள் அசையாது படுத்திருந்தார். குருதி வடிந்தது, ஆனால் பார்வை முழுதும் திரும்பவில்லை. நான்காம் நாள் அவர் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "வாத்தியாரே, அடிக்கும்போது என்னைப் பார்த்தீர்களா?"

பார்க்கவில்லை என்று சொல்ல நாக்கு எழுந்தது. "பார்த்தேன்" என்றேன்.

அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, "உண்மையைச் சொன்னீர்களே, போதும்" என்றார்.

மாணவர்களே, இந்த இடத்தில் ஆட்டத்தின் விதியொன்றை நீங்கள் அறியவேண்டும். அடித்தால் எதிராளிமேல் படும் என்று அஞ்சத்தக்க நிலையில், ஆடுபவர் கையை நிறுத்திக்கொள்ளலாம். அப்போது 'லெட்' என்று கூறி அந்தப் பந்தை மீண்டும் ஆடுவார்கள். நேரே முன்சுவருக்குப் போகவிருந்த பந்தின் வழியில் எதிராளி நின்றுவிட்டாலோ, 'ஸ்ட்ரோக்' என்று கூறி, கையை நிறுத்தியவருக்கே அந்தப் புள்ளியைக் கொடுப்பார்கள். அன்று நான் அடிக்காமல் நின்றிருந்தால் அந்தப் புள்ளி எனக்கே வந்திருக்கும். என் நண்பரின் கண்ணும் அவருக்கே இருந்திருக்கும். விதி எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் அறிவு தலையில் இருந்தது. கை ஆசையின் வசத்தில் இருந்தது.

இந்தச் சிறு பந்து ஏன் கண்ணுக்கு இவ்வளவு கொடியது? கண்ணைச் சுற்றிலும் உள்ள எலும்பு விளிம்பு, இயற்கை கட்டிய மதில் ஆகும். பெரிய பந்து வந்து மோதினால் அம்மதில் பேரளவு தாங்கிக்கொள்ளும். ஸ்குவாஷ் பந்தோ அம்மதிலுக்குள் நுழையத்தக்க அளவு உடையது. வல்லவர் அடிக்கும்போது அது மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் பாயும். சாதாரண மூக்குக் கண்ணாடி காப்பாகாது. உடைந்து கண்ணுக்குள்ளேயே தைக்கக்கூடும். கண்ணாடி இல்லாத வெறும் சட்டமும் பயனற்றது. பந்து நசுங்கி அதனூடே புகுந்துவிடும். பாலிகார்பனேட் என்னும் உறுதியான நெகிழியால் ஆன காப்புக் கண்ணாடியே தக்கது. உலகப் போட்டிகளில் இளையோர் அதனைக் கட்டாயம் அணியவேண்டும் என்பது விதி. அடிபட்ட கண், ஆறியதுபோல் தோன்றினாலும், பல ஆண்டுகள் கழித்தும் கண்ணழுத்த நோய்க்கு ஆளாகலாம். என் நண்பர் இன்றளவும் ஆண்டுதோறும் கண்ணைச் சோதித்துக்கொள்கிறார். அடி ஒரு நொடியில் விழுந்தது. அதன் கணக்கு ஆயுள் முழுதும் நீள்கிறது.

கண் மட்டுமன்று. திடீரென நிற்பதும் திரும்புவதும் ஒற்றைக் காலை முன்னே நீட்டித் தாழ்வதும் நிறைந்த ஆட்டம் இது. முழங்காலும் கணுக்காலும் குதிகால் நரம்பும் அதன் விலையைச் செலுத்துகின்றன. எல்லாவற்றினும் பெரிய இடர் நெஞ்சுக்கு உரியது. பெரும்புகழ் வாய்ந்த ஜஹாங்கீர் கானின் அண்ணன் தோர்சம் கான், தாமும் ஒரு தேர்ந்த வீரர். 1979இல் ஆஸ்திரேலியாவில் ஆடிக்கொண்டிருக்கையில் மாரடைப்பால் களத்திலேயே சாய்ந்து உயிர் நீத்தார். பிரிட்டனில் ஸ்குவாஷ் ஆட்டத்தோடு தொடர்புடைய 60 திடீர் இறப்புகளை மருத்துவர்கள் ஆராய்ந்து 1986இல் வெளியிட்டார்கள். இறந்தவருள் மிகப் பலருக்கு இதயக் குருதிக்குழாய் நோய் முன்னரே இருந்தது. பலருக்கு நெஞ்சுவலி போன்ற எச்சரிக்கைகளும் வந்திருந்தன. எச்சரிக்கை வந்தது, கேட்பார்தாம் இல்லை.

நானும் அவ்வாறு கேளாதவனாகவே இருந்தேன். 2014இல் எனக்கு ஐம்பத்து நான்கு வயது. ஆடும்போது நெஞ்சில் ஓர் இறுக்கம் தோன்றும். சற்று நின்றால் போய்விடும். அதனை மனைவியிடமும் சொல்லாமல் இரண்டு வாரம் மறைத்தேன். ஒரு ஞாயிறன்று, கண் பழுதான பின்னர் ஆடுவதை நிறுத்திவிட்ட அதே நண்பர், மேலே அமர்ந்து எனக்கும் ஓர் இளைஞருக்கும் புள்ளி எண்ணிக்கொண்டிருந்தார். ஆட்டத்தின் நடுவே, எந்தக் காரணமும் இன்றி, "லெட்!" என்று உரக்கக் கூறினார். நான் வியப்போடு நிமிர்ந்து பார்த்தேன். "வாத்தியாரே, மூன்று முறை நெஞ்சைப் பிடித்துவிட்டீர்கள். மட்டையைக் கீழே வையுங்கள்" என்றார்.

மறுநாள் மருத்துவர், இதயத்தின் குருதிக்குழாய் ஒன்று பெரிதும் சுருங்கியிருப்பதைக் கண்டு, அதனை விரிக்கும் சிகிச்சை செய்தார். இரண்டு கண்ணும் நன்றாக இருந்த நான் அன்று நண்பருக்காகக் கையை நிறுத்தவில்லை. ஒரு கண் மங்கிய அவர் எனக்காக ஆட்டத்தையே நிறுத்தினார். இந்தக் கடனை நான் எவ்வாறு அடைப்பேன்?

இவ்வளவும் கேட்ட நீங்கள், இந்த விளையாட்டே வேண்டாம் என்று முடிவு செய்தல் வேண்டா. உலகிலேயே மனத்தையும் உடலையும் ஒருங்கே உழைக்கச் செய்யும் நல்லாட்டங்களுள் இஃதொன்று. நம் தமிழ்நாடு இதில் பெரும்பேறு பெற்ற மாநிலம். சென்னையைச் சேர்ந்த ஜோஷ்னா சின்னப்பாவும் தீபிகா பள்ளிக்கலும் 2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த் விளையாட்டில் இரட்டையர் ஆட்டத்தில் தங்கம் வென்றார்கள். ஸ்குவாஷில் இந்தியா பெற்ற முதல் காமன்வெல்த் பதக்கம் அதுவே. நமக்கு அண்டையிலுள்ள சேலத்து இளைஞர் வேலவன் செந்தில்குமார் இன்று நாட்டின் முன்னணி வீரர்களுள் ஒருவர். 2025 டிசம்பரில் சென்னையில் நடந்த உலகக் கோப்பையை இந்திய அணி வென்றபோது அவரும் அதில் இருந்தார். முழங்கால் காயத்தால் நெடுநாள் விலகியிருந்து மீண்டு வந்த ஜோஷ்னாவும், முப்பத்தொன்பது வயதில், அதில் இருந்தார். காயத்தை மதித்து, காலம் கொடுத்து, ஆற்றிக்கொண்டு திரும்புவதும் வீரமே என்பதற்கு அவரே சான்று. 2028இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் நிகழவிருக்கும் ஒலிம்பிக்கிலும் ஸ்குவாஷ் முதன்முறையாக இடம் பெறுகிறது.

ஆகையால் ஆடுங்கள். ஆனால் உடலைச் சூடேற்றிய பின் ஆடுங்கள். கண்ணுக்குக் காப்பு அணிந்து ஆடுங்கள். பின்னே நிற்பவர் மட்டையை ஓங்கும்போது திரும்பிப் பாராதீர்கள். நெஞ்சோ மூட்டோ வலித்தால் அதனை மறைக்காதீர்கள். நாற்பதைக் கடந்து இந்த ஆட்டத்தைத் தொடங்க விரும்பும் உங்கள் தந்தையாரிடம், முதலில் மருத்துவரிடம் காட்டுமாறு சொல்லுங்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, வழியில் ஒரு மனிதர் நிற்பதைக் கண்டால் ஓங்கிய கையை நிறுத்தப் பழகுங்கள்.

பேரிகையில் என் வீட்டுக் கொல்லைச் சுவரில் ஒரு கோடு வரைந்திருக்கிறேன். மாலையில் தெருப் பிள்ளைகள் பழைய மட்டைகளோடு வருகிறார்கள். மருத்துவர் வகுத்த அளவுக்குள் நானும் மெல்ல ஆடுகிறேன். எல்லார் முகத்திலும் காப்புக் கண்ணாடி உண்டு. கையை நிறுத்தி 'லெட்' என்று சொல்லும் பிள்ளைக்கு, திண்ணையில் அமர்ந்திருக்கும் என் நண்பர் கை தட்டுகிறார். நன்றாக அடிக்கும் பிள்ளைக்கும் கை தட்டுகிறார். ஆனால் சற்று மெதுவாக.